ஈயக் கப்பல் கற்பிக்கும் பாடம்



தோட்டத்தில் புதியதோர் இயந்திரம் வந்து இறங்கினால் லயத்தில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. "எமன் வந்துவிட்டான், இனி நம் வாயில் மண்தான்" என்பது ஒரு பேச்சு. "முதலாளி பணம், முதலாளி இயந்திரம், நமக்கென்ன?" என்பது மற்றொரு பேச்சு. இரண்டும் தவறு என்பதே நமது கருத்து. இயந்திரத்தைக் கண்டு நடுங்குவதாலும் பயனில்லை; கண்டும் காணாதிருப்பதாலும் பயனில்லை. அது வருமுன்னே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. அவை யாவை என்பதை அறிய, ரப்பர்க் காட்டைவிட்டுச் சற்று வெளியே, நமது அண்டைத் தொழிலாகிய ஈயச் சுரங்கத்திற்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

கடல் காணாத கப்பல்

பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் ஈயக் கப்பல் ஒன்று காட்சிப்பொருளாக நிற்கிறது. 1938-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் எடை 4,500 டன். அதைத் தாங்கி மிதக்கும் இரும்புத் தெப்பத்தின் நீளம் 75 மீட்டர். அகலம் 35 மீட்டர். கப்பல் என்று பெயரே தவிர, அது கடலைக் கண்டதில்லை. தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்து, அந்தக் குட்டையையே முன்னே நகர்த்திக்கொண்டு போன கப்பல் அது.

அது வேலை செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லுவோம். நீண்ட ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று தண்ணீருக்குள் சாய்ந்து இறங்கும். அந்தச் சட்டத்தைச் சுற்றிச் சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் ஓயாது சுழலும். அடியிலுள்ள மண்ணை ஒவ்வொரு வாளியும் கடித்து அள்ளிக்கொண்டு மேலே வரும். மேலே அந்த மண் பெரிய சுழல் சல்லடையில் விழும். தண்ணீர் பீய்ச்சிக் கரைக்கப்படும். கல் ஒருபுறம் போகும். ஈயமணல் கனமானது, ஆகையால் அது அடியில் தங்கும். மிச்சமுள்ள மணலும் சேறும் கப்பலின் பின்பக்கம் கொட்டப்படும். முன்னே தோண்டுவதும் பின்னே தூர்ப்பதுமாக இரவு பகல் அது ஊர்ந்துகொண்டே இருக்கும். தஞ்சோங் துவாலாங் கப்பல் இவ்வாறு 44 ஆண்டுகள் உழைத்து 1982-இல் ஓய்ந்தது.

இந்நாட்டில் முதல் ஈயக் கப்பல் 1912-13 ஆண்டுகளில் கிந்தாப் பள்ளத்தாக்கில் இறங்கிற்று. அதற்கு முன்னர் ஈயம் எடுத்தது பெரும்பாலும் சீனத் தொழிலாளரின் மண்வெட்டியும் கூடையும். ஆயிரக்கணக்கானோர் குழியில் இறங்கி, மண்ணைத் தோளில் சுமந்து, பலகைப் படியேறிக் கொண்டுவந்து கொட்டினார்கள். மனிதன் கால் வைக்க முடியாத சதுப்பு நிலத்திலும் கப்பல் தோண்டியது. மனிதன் தோண்டினால் கூலிக்குக் கட்டாத மண்ணிலிருந்தும் அது இலாபம் எடுத்தது. 1930 வாக்கில் இங்கே சுமார் 100 கப்பல்கள் இருந்தன. அதே காலத்தில்தான் ஈய உற்பத்தியில் சீன முதலாளிகளை ஐரோப்பியக் கம்பெனிகள் முந்தின. கப்பல் வாங்கப் பெருந்தொகை வேண்டும். பரந்த நிலம் வேண்டும். இரண்டும் யாரிடம் இருந்தனவோ அவரிடம் ஈயமும் போய்ச் சேர்ந்தது.

இதில் இயந்திரத்தின் குற்றம் எதுவுமில்லை. கூடை சுமந்து முதுகு வளைந்த மனிதனுக்கு அந்தப் பாரத்தை இறக்கி வைத்தது இயந்திரம். அதை நாம் மறக்கலாகாது. பாரம் இறங்கியது நல்லதே. கூலியும் கூடவே இறங்கியதுதான் நமது வழக்கு.

நின்றபோது நடந்தது என்ன?

1930-களின் உலக மந்தத்தில் ஈயத்தின் விலை விழுந்தது. 1931-இல் நாடுகள் கூடி உற்பத்திக்கு வரம்பு கட்டின. பல கப்பல்கள் வாளியைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சும்மா நின்றன. அதே காலத்தில் ரப்பரின் விலையும் விழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நமது முன்னோர் பலரை மீண்டும் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். வாசகர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நிறுத்தி வைத்த இயந்திரத்துக்குக் காவல் உண்டு; துரு ஏறாதபடி எண்ணெய் உண்டு; நாளை விலை ஏறினால் வேண்டுமே என்ற கவலை உண்டு. நிறுத்தி வைத்த மனிதனுக்கோ ஒரு மூட்டையும் ஒரு டிக்கெட்டும். அவனுக்கு ஆன செலவு கம்பெனியின் முதலில் சேராதல்லவா?

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இரண்டாவது அடி விழுந்தது. 1979-இல் மலேசியா ஏறத்தாழ 63,000 டன் ஈயம் எடுத்தது. அது உலக உற்பத்தியில் நூற்றுக்கு 31 பங்கு. அத்தொழிலில் 40,000-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். சர்வதேச ஈயக் கவுன்சில் என்ற அமைப்பு, விலை சரியாதபடி சந்தையில் ஈயத்தை வாங்கி வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. 1985 அக்டோபர் 24-ஆம் நாள் அதன் கையில் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. விலை சுமார் பாதியாகச் சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் இங்குள்ள சுரங்கங்களில் பெரும்பான்மையும் மூடிக்கொண்டன. அப்பன் வாளி பார்த்த கப்பலிலேயே தானும் வாளி பார்க்கலாம் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் புறப்பட்டார்கள்.

சுரங்கம் செத்தது. ஆனால் நிலம் சாகவில்லை. கோலாலம்பூரை அடுத்த சுங்கை பீசியில் பெரியதொரு ஈயச் சுரங்கக் குழி இன்று ஏரியாகி, அதைச் சுற்றி ஓட்டலும் கடைவீதியும் மாளிகைகளும் எழுந்துள்ளன. சன்வே உல்லாசப் பூங்கா அமைந்திருப்பதும் பழைய ஈய நிலத்தில்தான். ஒருமுறை ஈயமாகப் பணம் தந்த மண், மறுமுறை மனையாகப் பணம் தந்தது. அதை வரவேற்போம், பாழ்நிலம் பயன்பட்டது நன்று. ஆனால் அந்தக் குழியைத் தோண்டியவனுக்கு இரண்டாவது பணத்தில் ஒரு செப்புக்காசு பங்கு உண்டென்று எந்தத் தாளில் எழுதியிருந்தது? எழுதவில்லை. எழுதாதது கிடைக்காது.

ஜெர்மனியின் இராட்சதச் சக்கரம்

"இயந்திரம் நின்றால் தொழிலாளி தெருவில் நிற்க வேண்டியதுதான், அது உலக நியதி" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக ஜெர்மனிக்கும் ஒருமுறை சென்று வருவோம்.

அங்கே ரைன் ஆற்றுப் பகுதியில் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டுகிறார்கள். நமது ஈயக் கப்பலின் வாளிகள் சங்கிலியில் சுற்றின என்றால், அங்கே வாளிகள் ஒரு பெரும் சக்கரத்தில் சுற்றுகின்றன. அவற்றுள் பெயர்பெற்றது பாகர் 288 என்னும் இயந்திரம். குருப் கம்பெனி கட்டி 1978-இல் முடித்தது. எடை 13,500 டன்; அஃதாவது தஞ்சோங் துவாலாங் கப்பல்கள் மூன்றை ஒன்றாகச் சேர்த்த எடை. நீளம் 220 மீட்டர். உயரம் 96 மீட்டர். சக்கரத்தில் 18 வாளிகள். ஒரே நாளில் 240,000 கன மீட்டர் மண்ணை வாரவல்லது. அதை ஓட்டுவோரோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். 2001-இல் ஹம்பாக் சுரங்கத்திலிருந்து கார்ஸ்வைலர் சுரங்கத்துக்கு 22 கிலோமீட்டர் தூரம், சாலையையும் ஆற்றையும் கடந்து, மூன்று வாரத்தில் அது தானே ஊர்ந்து போயிற்று.

அங்கே எல்லாம் தேனும் பாலுமாய் ஓடுகிறது என்று நாம் எழுத வரவில்லை. அந்தச் சுரங்கங்களுக்காகப் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டன. 2023 ஜனவரியில் கார்ஸ்வைலர் ஓரத்திலுள்ள லுட்சராத் என்னும் சிற்றூரில் போராடியவர்களைப் போலீசார் அப்புறப்படுத்திய செய்தி உலகெங்கும் வந்தது. நிலத்தை விட்டுப் போகிறவனின் துயரம் அங்கேயும் துயரமே.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நிலக்கரிப் புகையால் உலகம் சூடேறுகிறது என்பதால், அத்தொழிலை நிறுத்துவதென்று ஜெர்மனி முடிவு செய்தது. அவர்கள் முதலில் செய்தது என்ன? 2018-இல் ஒரு குழு அமைத்தார்கள். அக்குழுவில் கம்பெனிக்காரர் இருந்தனர், ஆராய்ச்சியாளர் இருந்தனர், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரும் இருந்தார். 2020-இல் சட்டம் வந்தது. நிலக்கரி மின்சாரத்தை 2038-க்குள் நிறுத்துவதென்று கெடு வைத்தது சட்டம். ரைன் பகுதிக்கு அந்தக் கெடு பின்னர் 2030-ஆக முன்னே இழுக்கப்பட்டது. அதே சட்டத்தில், வேலையிழக்கும் தொழிலாளருள் 58 வயதைக் கடந்தோருக்கு, ஓய்வூதியம் தொடங்கும்வரை ஐந்தாண்டு வரைக்கும் பணம் தர ஏற்பாடு உள்ளது. நிலக்கரியை நம்பிய வட்டாரங்களில் வேறு தொழில் வளர்க்க 40 பில்லியன் ஈரோ வரை ஒதுக்கப்பட்டது.

சக்கரம் நிற்குமுன்னே மனிதனுக்கு வழி எழுதப்பட்டது. கிந்தாவில் வாளி நின்ற பிறகே மனிதன் வழி தேடினான். வேறுபாடு இவ்வளவே, ஆனால் ஒரு குடும்பத்துக்கு அதுவே எல்லாம்.

"ஜெர்மனி பணக்கார நாடு, நமக்கு அது பொருந்துமா?" என்று கேட்கலாம். அவர்கள் கொடுத்த தொகையை நாம் கேட்கவில்லை. அவர்கள் செய்த வரிசையைக் கேட்கிறோம். முதலில் பேச்சு, பிறகு எழுத்து, அதன் பிறகே நிறுத்தம்.

"விலை எப்போது விழும் என்று யார் கண்டார்? முன்கூட்டி எப்படி எழுதுவது?" என்றும் கேட்கலாம். விலை விழும் நாளை யாரும் அறியார் என்பது மெய்தான். ஆனால் மண் தீரும் நாளை அறிவார்கள். எந்தக் கம்பெனியும் நிலத்தில் துளையிட்டுப் பார்க்காமல், எத்தனை ஆண்டு தோண்டலாம் என்று கணக்குப் போடாமல் ஈயக் கப்பலைக் கட்டியதில்லை. இயந்திரத்தின் ஆயுள் கணக்கு கம்பெனியின் ஏட்டில் இருந்தது. தொழிலாளியின் ஆயுள் கணக்குத்தான் எந்த ஏட்டிலும் இல்லை.

நமது காட்டு முனையிலுள்ள பலகை

இப்போது நமது தோட்டத்துக்குத் திரும்புவோம். பால்மரக் காட்டின் முனையில் ஒரு பலகை நிற்கிறது. எந்த ஆண்டு நட்டது, எத்தனை ஏக்கர் என்று அதில் எழுதியிருக்கிறது. மரத்துக்கு வயது இருபத்தைந்து முப்பதைத் தொட்டால் அந்தக் காட்டின் கதை முடிகிறது என்பது பிரட்டில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆகவே மண்வாரியும் புல்டோசரும் என்று வரும் என்பது பரம இரகசியம் அன்று. பலகையிலேயே எழுதியிருக்கிறது!

செக்ரோல் எழுதும் கிராணிமார்களாகிய நாங்கள் இதில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தக் காடு சாயப்போகிறது, எந்தக் காடு செம்பனையாகப் போகிறது, எந்த நிலத்தை அளக்க ஆள் வருகிறான் என்பதெல்லாம் லயத்துக்கு எட்டுமுன் ஆபீசுக்கு எட்டுகிறது. துரை கையெழுத்திடும் கடிதத்தைத் தட்டச்சு செய்பவர்கள் நாங்கள். பல முறை தெரிந்தும் வாய் திறவாதிருந்தோம். ஆபீசு இரகசியத்தை அம்பலமாக்கச் சொல்லவில்லை. ஆனால் பலகையில் உள்ளதைப் படித்துச் சொல்வது இரகசியம் ஆகாது. அந்த அளவு கூடச் செய்யாதிருந்தது எங்கள் குறை.

முன்னே கான் வெட்ட ஆள் கணக்கு எழுதுவோம். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டினார்கள். இப்போது மண்வாரி ஒன்று வந்து, பலர் பல நாள் வெட்டியதை ஒரே பொழுதில் வெட்டிவிட்டுப் போகிறது. அந்தச் சேற்று வேலைக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மண்வாரியை ஓட்டுகிறவன் பெயர் செக்ரோலில் இல்லை. அவன் கண்டிராக்டரின் ஆள். அவனும் தொழிலாளியே, அவன்மீது நமக்குப் பகையில்லை. அந்த ஆசனத்தில் உட்கார நமது லயத்துப் பிள்ளை ஒருவனுக்கு ஏன் பழக்கித் தரவில்லை என்பதே கேள்வி.

சட்டம் தருவதும் தராததும்

நமக்குச் சட்டமே இல்லை என்று எண்ண வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த விதிகள், ஆள்குறைப்புக்கு நஷ்டஈடு வகுத்துள்ளன. குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் கூலி. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள் கூலி. ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் ஆண்டுக்கு 20 நாள் கூலி. வேலை நின்ற ஏழு நாளுக்குள் இத்தொகை கைக்கு வரவேண்டும். இதுவன்றி, சேவையைப் பொறுத்து நான்கு, ஆறு அல்லது எட்டு வார நோட்டீசும் உண்டு. 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதியும் உள்ளது. வேலையிழந்த 60 நாளுக்குள் மனுச் செய்தால், மூன்று முதல் ஆறு மாதம் வரை உதவித்தொகை பெறலாம். கெடுவைத் தவறவிட்டுப் பின்னர் அழுது பயனில்லை. இதை வெட்டி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கணக்குப் பாருங்கள். இருபதாண்டு பால் வெட்டியவனுக்கு விதிப்படி 400 நாள் கூலி. அதில் வீடு இல்லை. தோட்டத்து வேலை போனால் கூலி மட்டுமா போகிறது? கூரை போகிறது, கோயில் போகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடம் போகிறது, பாட்டன் பாட்டியைப் புதைத்த மண்ணும் வேறொருவன் வேலிக்குள் போகிறது. சட்டம் இவற்றைக் கூலிக் கணக்கில் சேர்க்கவில்லை. மேலும், தோட்டம் கைமாறும்போது புதிய முதலாளி பழைய நிலைமைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வந்தால், அந்த நஷ்டஈடு இல்லை என்றும் விதி உள்ளது. ஆகையால் தோட்டம் விலைபோகும் வேளையில் ஒவ்வொரு கடிதத்தையும் சங்கத்திடம் காட்டாமல் எவரும் கையெழுத்திடலாகாது.

நாம் கேட்க வேண்டியவை

சட்டம் தருவது அடிமட்டம். அதற்கு மேலே கட்டுவது கூட்டு ஒப்பந்தம். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் நமது பிரதிநிதிகள் நான்கு கோரிக்கைகளை மேசைமீது வைக்க வேண்டும் என்பது நமது ஆலோசனை.

ஒன்று: பெரிய இயந்திரம் எதுவும் காட்டுக்குள் இறங்குமுன் சங்கத்துக்கு எழுத்தில் அறிவிப்பு வேண்டும். எந்தக் காடு, எத்தனை நாள், எத்தனை பேருடைய வேலை என்பன அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: மரத்தின் வயது முடியும் காடுகளின் பட்டியலை ஆண்டுதோறும் சங்கக் கிளைக்குத் தரவேண்டும். அந்தக் காடுகளில் வேலை செய்வோருக்கு மறுவேலை எங்கே என்பதையும் அதனுடன் எழுத வேண்டும்.

மூன்று: மண்வாரி, புல்டோசர் ஓட்டவும் பழுது பார்க்கவும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரவேண்டும். இயந்திரம் நமது வேலையை எடுத்துக்கொள்வதானால், இயந்திரத்தின் வேலையாவது நமக்கு வரட்டும்.

நான்கு: நிலம் விற்கப்படுமானால், தொழிலாளிக்கு வீடு முடிவான பிறகே லயத்தை இடிக்க வேண்டும். மனையாக மாறும் மண்ணின் விலையில், அந்த மண்ணில் தலைமுறையாக வாழ்ந்தவனுக்கு ஒரு கூரையளவு பங்கு இருக்கத்தான் வேண்டும்.

இவற்றில் நான்காவதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எட்டு மணி நேர வேலையைக் கேட்டபோதும் சிரித்தவர்கள் உண்டு.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் காட்டு முனையிலுள்ள பலகையைப் பாருங்கள். நட்ட ஆண்டைக் குறித்துக்கொண்டு வாருங்கள். இன்னும் எத்தனை ஆண்டு மிச்சமிருக்கிறது என்று நாமே கூட்டிக் கழித்துப் பார்ப்போம். தஞ்சோங் துவாலாங் கப்பலில் வேலை செய்தவனுக்கு அப்படி ஒரு பலகை இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் படிக்காமல் விட்டோமானால், பிறகு இயந்திரத்தைக் குறை கூறுவது நியாயமாகாது.

முன்னே எழுதி வாங்குவோம்! ஒன்றுபட்டுக் கேட்போம்!